கட்டுரை நோட்டும் கணினியும்: ஆசிரியர் எந்த இணையப் பயிற்சியில் சேரலாம்?

ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவில் 42 கட்டுரை நோட்டுகள். தலைப்பு 'எங்கள் ஊர்ச் சந்தை'. திருத்த உட்கார்ந்தால் 31 நோட்டுகளில் முதல் வரி ஒன்றேதான்: "மனித வாழ்வில் சந்தை இன்றியமையாத இடத்தைப் பெறுகிறது." எங்கள் ஊரில் செவ்வாய்தோறும் சந்தை கூடும். பிள்ளைகளில் பாதிப் பேர் அதன் வழியாக மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் கருவாட்டு வாடை ஒரு நோட்டிலும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், மொழி வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது பற்றிய ஓர் இணையப் பயிற்சியை அதே வாரம்தான் முடித்திருந்தேன். எந்தப் பயிற்சி என்ற பெயர் இங்கே வேண்டாம். வீடியோவை ஓடவிட்டுவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போட்டேன், இடையிடையே வந்த கேள்விகளுக்கு ஊகித்துப் பதில் தட்டினேன், 90-க்கு மேல் மதிப்பெண் வந்தது. சான்றிதழ் போனில் இருக்கிறது. அதில் படித்த ஒரு வரியாவது அந்த 42 நோட்டுகளுக்கு உதவியதா என்றால், இல்லை.

இந்தக் கோடை விடுமுறைக்கு முன் எங்கள் பள்ளி ஆங்கில டீச்சர் வந்து, "ஐயா, லீவுல ஒரே ஒரு கோர்ஸ்தான் என்னால முடியும். எழுத வைக்கிறதும் வரணும், கம்ப்யூட்டரும் வரணும். எதுல சேரட்டும்?" என்று கேட்டார். ஸ்டாஃப் ரூமில் அன்று சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். நான் தமிழ் எடுக்கிறவன், அவர் ஆங்கிலம். இருவருக்கும் ஒரே பதில் இல்லை என்பது பாதி வழியில்தான் எனக்கே தெரிந்தது.

எந்தப் பயிற்சியானாலும் பாடத்திட்டத்தை நான் பிறகுதான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது ஒப்படைப்பை, அதாவது நாம் செய்து அனுப்ப வேண்டிய வேலையை. இதில் நான் ஏதாவது எழுத வேண்டுமா? எழுதினால் அதை யார் படிப்பார்கள்? நீச்சல் கற்றுக்கொடுக்கப் போகிறவரைக் கரையிலேயே உட்காரவைத்து, "நீர் என்பது யாது? சரியான விடையைத் தேர்ந்தெடுக்க" என்று கேட்டு அனுப்பினால் எப்படி இருக்கும்? நம் பயிற்சிகளில் பல அப்படித்தான் இருக்கின்றன.

கணினி தேவையா என்றும் கேட்பார்கள். ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்தைப் பற்றிய சோதனை ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். எந்த முறை எழுத்தை எவ்வளவு மேம்படுத்துகிறது என்று ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். அதில் பூஜ்யம் என்றால் பலன் இல்லை, எண் கூடக்கூடப் பலன் கூடுதல், மைனஸ் என்றால் பின்னடைவு. திட்டமிடல், திருத்தி எழுதுதல் போன்ற உத்திகளை வெளிப்படையாகச் சொல்லிக்கொடுத்தால் 0.82. சுருக்கி எழுதப் பழக்கினால் அதுவும் 0.82. சேர்ந்து எழுத வைத்தால் 0.75. கணினியில் எழுத வைத்தால் 0.55. இலக்கணத்தைத் தனியாக எடுத்து நடத்தினால் மைனஸ் 0.32. ஆங்கில எழுத்தை வைத்து வந்த கணக்கு இது. தமிழுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். கணினிக்கு நல்ல பலன் இருக்கிறது, அதைவிடக் கூடுதல் பலன் திட்டமிடவும் திருத்தவும் சொல்லிக்கொடுப்பதில் இருக்கிறது.

நாம் செய்வது இதற்கு நேர் எதிர். தேர்வுத் தாளிலேயே 'முன்னுரை', 'முடிவுரை' என்று சட்டகம் போட்டுக் கொடுத்துவிடுகிறோம். திட்டமிடும் வேலையை வினாத்தாளே முடித்துவிட்டதால் பிள்ளைக்கு மிச்சமிருப்பது கட்டங்களை நிரப்புவதுதான். பிறகு நாம் சிவப்பு மையில் ஒற்றுப்பிழை திருத்துகிறோம். திருத்திய நோட்டைத் திரும்ப எழுதச் சொல்கிற பழக்கம் எத்தனை பேரிடம் இருக்கிறது? என்னிடம் இல்லை. ஆகவே எனக்குத் தேவையான பயிற்சி, திருத்தி எழுத வைப்பது எப்படி என்று சொல்லித்தருகிற ஒன்று. கணினி அதற்குத் துணை.

முதலில் அரசுப் பயிற்சிகள். நம்மில் பெரும்பாலானோர் பார்த்தது, ஆசிரியர்களுக்கான மத்திய அரசின் பயிற்சித் திட்டமான நிஷ்தாதான். 2019-இல் நேரடிப் பயிற்சியாகத் தொடங்கி, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், திக்ஷா என்ற அரசு இணையதளத்துக்குள் வந்தது. தொடக்கநிலை ஆசிரியர்களுக்கு 18 தொகுதிகள், பின்னர் மேல்நிலை வரை எடுப்பவர்களுக்கு ஒரு வரிசை, அடிப்படை எழுத்தறிவு எண்ணறிவுக்கு இன்னொரு வரிசை. கட்டணம் கிடையாது, போனிலேயே பார்க்கலாம். கடைசி மதிப்பீட்டில் 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். துறை கேட்கும் மணி நேரக் கணக்கில் சிக்கல் இல்லாமல் சேரும். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியருக்கு ஆண்டுக்கு 50 மணி நேரப் பயிற்சி என்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவில்லை, ஆனால் இங்கேயே சிபிஎஸ்இ பள்ளியில் வேலை பார்ப்பவர்களுக்கு அந்த 50 மணி நேரம் கட்டாயம். அவர்களுக்கு இது பெரிய வசதி.

குறை எங்கே என்றால், நிஷ்தாவில் தொழில்நுட்பத்தைக் கற்பித்தலில் இணைப்பது ஒரு தொகுதி, மொழி கற்பித்தல் வேறொரு தொகுதி. இரண்டும் சந்திக்கிற இடம் நம் வகுப்பறைதான், அங்கே நம்மைத் தனியாக விட்டுவிடுகிறார்கள். மதிப்பீடு கொள்குறி வினா, அதாவது கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நாம் ஒரு பத்தி எழுதி அதை ஒருவர் படித்துப் பார்த்து, "இந்த இடம் புரியவில்லை" என்று சொல்வதற்கு அந்த அமைப்பில் வழியே இல்லை. லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்கு ஒரே நேரத்தில் நடத்தும்போது வேறு வழி இல்லை என்பதும் நியாயம்தான். இன்னும் எதையுமே தொடாதவர் அந்தத் தொழில்நுட்பத் தொகுதியை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடலாம். கோடை விடுமுறையை அதற்குக் கொடுக்க வேண்டாம்.

அடுத்து ஸ்வயம், மத்திய அரசின் இணையப் படிப்புத் தளம். 2017 ஜூலையில் தொடங்கப்பட்டது. வீடியோ, படிக்க வேண்டிய பகுதி, சுயமதிப்பீடு, விவாதப் பகுதி என்று ஒவ்வொரு படிப்புக்கும் நான்கு கால்கள். ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் படிப்புகளும் இதற்குள்தான் வருகின்றன. ஜனவரி, ஜூலை என இரண்டு பருவங்கள். ஆகவே மே மாத விடுமுறைக்கு இது பொருந்தாது, பள்ளி நடக்கும்போதுதான் படிக்க வேண்டியிருக்கும். சேருவது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். என்பிடெல் படிப்புக்குத் தேர்வுக் கட்டணம் 1000 ரூபாய். வாராந்திர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வுக்கு 75 என்று பிரித்துக் கூட்டுவார்கள்.

இதன் பலமே கெடுபிடிதான். புதன்கிழமை இரவு கெடு முடிகிறது என்றால் முடிகிறது, இஸ்திரி போட்டுக்கொண்டே ஏமாற்ற முடியாது. கட்டணம் கட்டுவதற்கும் படிப்பை முடிப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் என்ற இணையப் படிப்புத் தளத்தில் நடத்திய படிப்புகளின் பதிவுகளை ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டார்கள். 2017-18-இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டினார்கள். சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களை மட்டும் எடுத்தால் 46 சதவீதம். நூறு பேரில் மூவர் எங்கே, 46 பேர் எங்கே! இலவசம் என்று பத்துப் படிப்பில் பெயர் கொடுத்து வைத்திருக்கும் நண்பர்களுக்காக இதைச் சொல்கிறேன். அந்தப் பட்டியலில் நானும் உண்டு.

ஆனால் நான் எழுத வேண்டுமா, எழுதினால் யார் படிப்பார்கள் என்ற என் பழைய கேள்வியைக் கேட்டால் ஸ்வயமும் திணறுகிறது. வாராந்திர ஒப்படைப்புகள் பெரும்பாலும் கொள்குறி வகை. கல்வித் தொழில்நுட்பத்தின் அடிப்படைகளை ஒழுங்காகப் படிக்க நினைப்பவருக்கு நல்ல இடம். எழுதக் கற்பிக்க விரும்புகிறவருக்குப் பாதி இடம்.

கூகுள் நிறுவனம் ஆசிரியர்களுக்குத் தரும் பயிற்சி வேறு ரகம். பாடங்கள் இலவசம். முதல் நிலைச் சான்றிதழ்த் தேர்வுக்கு 10 டாலர், நம் பணத்தில் ஏறக்குறைய ஆயிரத்துக்குள் முடியும். இரண்டாம் நிலைக்கு 25 டாலர். மூன்று மணி நேரத் தேர்வு, சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். எழுதக் கற்பிப்பது பற்றி அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு நிறுவனம் தன் கருவிகளைப் பழக்குகிறது, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் தளமும் அப்படியே, அங்கே பாடங்களும் பேட்ஜும் இலவசம். உங்கள் பள்ளியில் எது ஓடுகிறதோ அதைப் பாருங்கள், இரண்டையும் படிக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் இதை லேசாகத் தள்ளிவிட முடியாதபடி ஒரு காரியம் நடந்தது. கூகுள் டாக்ஸில் கோப்பின் பழைய வடிவங்களைப் பார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. எப்போது எந்த வரி வந்தது, எது அழிந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்கலாம். பள்ளிக் கணினி அறையான ஹைடெக் லேபில் பிள்ளைக்கு ஒரு கோப்பு என்று திறந்து கொடுத்து, அதே சந்தைக் கட்டுரையை மறுபடி எழுதச் சொன்னேன். மாலையில் ஒரு பையனின் கோப்பைப் பார்த்தேன். முடிந்த வடிவத்தில் வழக்கமான "இன்றியமையாத" வரிதான் இருந்தது. பழைய வடிவத்துக்குப் போனால், அந்த இடத்தில் முதலில் இருந்த வரி வேறு: "மீன்கார அக்கா தராசில் ஒரு கல்லை எடுத்துவிட்டு எங்கம்மாவைப் பார்த்துச் சிரித்தார்." அதை அவனே அழித்திருக்கிறான். அழித்துவிட்டு உரைநூல் வரியைப் போட்டிருக்கிறான்.

நோட்டில் இதை நான் பார்த்திருக்கவே முடியாது. ரப்பர் தின்றுவிட்டிருக்கும். மறுநாள் அவனைக் கூப்பிட்டு, "ஏன்டா அதை அழிச்ச?" என்றேன். "அது கட்டுரை மாதிரி இல்லீங்கய்யா" என்றான். இருபது வருடமாக நான் என்ன கற்றுக்கொடுத்திருக்கிறேன் என்பது அந்த ஒரு பதிலில் இருந்தது. நான் படித்த எந்தப் பயிற்சியும் இந்த வசதியை எழுத்தோடு சேர்த்துக் காட்டியதில்லை. எங்கோ ஒரு மூலையில், கோப்பு தவறிப்போனால் மீட்பது எப்படி என்ற பாடத்தில்தான் அது வந்தது. பிள்ளைகள் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் எடுத்து அப்படியே ஒட்டுகிறார்களா என்ற கவலைக்கும் இதே வசதி ஓரளவு உதவும். ஒட்டிய பத்தி மொத்தமாக ஒரே நொடியில் வந்து விழும், எழுதிய பத்தி தட்டுத்தடுமாறி வரும்.

குரல்வழித் தட்டச்சும் அப்படி ஒரு கருவி. தமிழிலும் வேலை செய்கிறது. தட்டச்சு தெரியாத பிள்ளை சந்தையைப் பற்றி வாயால் சொல்லட்டும், திரையில் பேச்சுத் தமிழ் வந்து விழும். அதை எழுத்துத் தமிழாக மாற்றச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே பயிற்சிதான், ஆனால் மாற்ற வேண்டியது அவன் பேசிய வாக்கியம். 'போயிருச்சு' எங்கே 'போய்விட்டது' ஆகிறது, எங்கே அப்படியே விட்டால்தான் உயிர் இருக்கும் என்று வகுப்பே சண்டை போட்டது.

கணினி பற்றிப் பேசும்போது தமிழாசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. நம்மில் பலர் இன்னும் பழைய எழுத்துருக்களில்தான் வினாத்தாள் அடிக்கிறோம். அதே கோப்பை இன்னொரு கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நிற்கும். தமிழ்99 விசைப்பலகையை அரசு ஏற்றது 1999-இல், எந்தக் கணினியிலும் எழுத்து மாறாமல் தெரிய வைக்கும் ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக அறிவித்தது 2010-இல். இத்தனை ஆண்டு கழித்தும் காலாண்டுத் தேர்வு வந்தால் எழுத்துரு மாற்றியைத் தேடி அலைகிறோம். ஒருங்குறியில் தட்டச்சு வராதவர் மேலே சொன்ன எந்தப் பயிற்சியிலும் சேரும் முன் பத்து நாள் தமிழ்99 பழகிவிடலாம். அதற்குப் பயிற்சியே தேவையில்லை, தினம் அரை மணி நேரம் போதும். தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001 முதல் இணையவழியில் சான்றிதழ், பட்டயப் படிப்புகள் நடத்துகிறது. கணினியில் தமிழைப் பயன்படுத்த உதவும் கருவிகளும் அங்கே கிடைக்கும்.

இனி கோர்ஸெரா, ஃபியூச்சர்லேர்ன் போன்ற வெளிநாட்டு இணையப் படிப்புத் தளங்கள். கோர்ஸெராவில் எழுத்து சார்ந்த படிப்புகள் சிலவற்றில், நாம் எழுதியதைச் சக மாணவர்கள் படித்து மதிப்பிடுவார்கள், நாமும் மூன்று நான்கு பேருடையதைப் படிக்க வேண்டும். என் கேள்விக்கு முதல்முறையாக 'ஆம்' என்ற பதில் வருகிற இடம் இது. மதிப்பீட்டுக்கு ஒரு அளவுகோல் தருவார்கள். அதை வைத்து முன்பின் தெரியாத ஒருவரின் பத்தியைப் படித்துக் கருத்து எழுதுவதே நல்ல பயிற்சி. கட்டணம் கூடுதல்தான். நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம். ஃபியூச்சர்லேர்னில் ஒவ்வொரு பாடப்பகுதிக்கும் கீழே உரையாடல் ஓடும். பிரிட்டிஷ் கவுன்சில் ஆங்கில ஆசிரியர்களுக்காக அங்கே படிப்புகள் நடத்தியிருக்கிறது. இலவசமாகப் பார்க்கலாம், ஆனால் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும்.

ஆங்கில டீச்சருக்கு இது பொருந்தும். எனக்குப் பொருந்தாது. மீன்கார அக்கா வரியை நான் அங்கே போட்டால், பிரேசிலிலோ போலந்திலோ இருக்கும் சக மாணவருக்கு என்ன புரியும்? மொழிபெயர்த்துப் போடலாம். மொழிபெயர்த்தால், 'எங்கம்மா' என்று எழுதலாமா, 'என் அம்மா' என்று எழுதலாமா என்ற கேள்வி காணாமல் போய்விடும். தமிழில் எழுதக் கற்பிப்பதற்கென்று, நாம் தமிழில் எழுதி அதைத் தமிழ் தெரிந்தவர் படித்துச் சொல்கிற இணையப் பயிற்சி ஒன்றை நான் தேடியவரை பார்க்கவில்லை.

ஆங்கில ஆசிரியர்களுக்குப் பழைய பாணி வழி இன்னொன்றும் உண்டு. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) நடத்தும் ஆங்கிலம் கற்பித்தல் சான்றிதழ்ப் படிப்பு, ஹைதராபாத் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்பு. பளபளப்பான வீடியோ எதிர்பார்க்கக் கூடாது. ஒப்படைப்பைப் பத்தி பத்தியாக எழுதி அனுப்ப வேண்டும், ஒரு மனிதர் திருத்தி ஓரத்தில் குறிப்பு எழுதுவார். தொழில்நுட்பம் கம்மி, எழுத்து அதிகம். சேர்க்கை எப்போது திறக்கிறது என்பதை மட்டும் அவ்வப்போது பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழாசிரியர் என்ன செய்வது? அமெரிக்காவில் 1974-இல் பெர்க்லியில் ஜேம்ஸ் கிரே என்பவர் கோடை விடுமுறையில் பள்ளி ஆசிரியர்களைக் கூட்டிவைத்து ஒரு வேலை தொடங்கினார். பின்னாளில் அது தேசிய எழுத்துத் திட்டம் என்று நாடெங்கும் பரவியது. அதன் அடிப்படை எளிது: எழுதக் கற்பிப்பவர் எழுத வேண்டும், எழுதியதைச் சக ஆசிரியர்களிடம் வாசித்துக் காட்ட வேண்டும், ஆசிரியருக்குச் சிறந்த பயிற்சியாளர் இன்னொரு ஆசிரியர். 2013 கோடையில் இதையே திறந்த இணையப் படிப்பாகவும் நடத்திப் பார்த்தார்கள். நமக்கு அதில் சேர வேண்டிய அவசியமில்லை. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஒன்றியத்தில் நான்கு தமிழாசிரியர்கள் ஒரே கூகுள் கோப்பில் வாரம் 200 சொல் எழுதுவது, மற்ற மூவரும் ஓரத்தில் கருத்துப் போடுவது என்று ஆரம்பித்தோம். மூன்றாம் வாரத்தில் இருவர் நின்றுவிட்டார்கள். ஒருவருக்குத் தேர்தல் பணி, இன்னொருவருக்கு நான் போட்ட கருத்து பிடிக்கவில்லை. மிச்சமுள்ள இருவரும் இன்னும் எழுதுகிறோம். பிள்ளையின் நோட்டில் 'நன்று', 'இன்னும் முயற்சி செய்' என்று எழுதுவதில் என்ன பயன் என்பது, என் பத்திக்கு யாரோ 'அருமை ஐயா' என்று மட்டும் போட்டுவிட்டுப் போனபோதுதான் உறைத்தது.

சரி, முடிவுக்கு வருவோம். மணி நேரக் கணக்கு மட்டும் வேண்டுமென்றால் திக்ஷா. கட்டாயம் இருந்தால்தான் படிப்பேன் என்றால் ஸ்வயம், 1000 ரூபாய் கட்டிவிடுங்கள். லேபில் கணினி சும்மா கிடக்கிறது என்றால் கூகுளின் முதல் நிலைப் பாடங்களை இரண்டு வாரம் பாருங்கள். தேர்வு எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தமிழாசிரியருக்கு என் யோசனை: கூகுள் பாடங்களோடு நாலு பேர் சேர்ந்து எழுதும் ஒரு கோப்பு. ஆங்கில ஆசிரியருக்கு, நேரம் குறைவு என்றால் சக மதிப்பீடு உள்ள கோர்ஸெரா படிப்பு, ஆறு மாதம் ஒதுக்க முடியும் என்றால் தொலைநிலைச் சான்றிதழ்.

எங்கள் டீச்சர் கோர்ஸெரா பக்கம் போனார். நிதியுதவிக்கு விண்ணப்பித்து, பதில் வருவதற்குள் முதல் ஒப்படைப்பையும் எழுதி வைத்துவிட்டார். தன் சொந்த ஊரைப் பற்றி 300 சொல். அனுப்பும் முன் என்னிடம் காட்டினார். "ஐயா, இங்கிலீஷ்ல தப்பு இருந்தா நீங்க கண்டுபிடிக்கப் போறதில்ல, சும்மா படிச்சுச் சொல்லுங்க" என்றார். படித்தேன். 'இன்றைய நவீன உலகில்' என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வார்களோ, அதில்தான் தொடங்கியிருந்தது.